இசக்கிக்கு ஒண்ணும் தெரியாது சார்

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பேட்டையில் வெல்டிங் பட்டறை. இரும்புக் கேட், கிரில் வேலை. அந்தச் சத்தத்தில் யாரிடம் பேச? ஒரே ஒரு நாள் வாயைத் திறந்து நிறையப் பேசினேன். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போடப் பார்த்தேன்.

என் மகள் இசக்கி. அப்போது பதினொரு வயது. நடக்க மாட்டாள், பேச மாட்டாள். மூளை வளர்ச்சி ரொம்ப ரொம்பக் குறைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அவளைப் போல ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். பழைய நெல் குடோன்தான். நடத்தினது மும்தாஜ் டீச்சர். டீச்சர் சம்பளம், ஆயா சம்பளம், பிள்ளைகளைக் கூட்டி வருகிற வேன், எல்லாம் அரசாங்க மானியம். அது நின்றால் பள்ளிக்கூடம் நின்றுபோகும். வேறு எங்கேயும் இந்த ஏழு பேரைச் சேர்க்க மாட்டார்கள். கேட்டுப் பார்த்தாச்சு.

அந்த வருஷம், மானியத்தைத் தொடரலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். பெற்றோரும் வர வேண்டும்.

“அண்ணாச்சி, சார் கேட்டா பிள்ளையப் பத்தி உள்ளதச் சொல்லுங்க. அது போதும்” என்றார் டீச்சர்.

நான் கேட்கணும்லா?

அதிகாரிகள் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு (அப்படி ஒரு நினைப்பு). முன்னே ஒரு தடவை, மாற்றுத்திறனாளி அட்டைக்கான முகாமில் டாக்டரிடம், “பாட்டுப் போட்டா சிரிப்பா சார்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். வரிசையில் நின்ற ஒருத்தர் என்னைத் தனியே இழுத்துப் போனார்.

“ஏன்வே, சிரிப்பாள்னா சொல்லுதீரு? ஊனச் சதவீதத்தக் குறைச்சுப் போட்டாவன்னா மாசாமாசம் வார உதவித்தொகை போயிரும்லா?”

அன்றிலிருந்து எந்த அதிகாரி எதைக் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். தெரியாது. முடியாது. மாட்டாள்.

அந்தப் படிப்பை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூட வாசலில் மற்ற ஆறு பேரையும் நிறுத்தி வைத்து, “பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னே சொல்லுங்க” என்றேன்.

ஒரு தாய் தயங்கினாள். “எம் பய இப்பம் பேரச் சொன்னா திரும்பிப் பாக்கான் அண்ணாச்சி.”

“அதைச் சொல்லிராத தாயி. பிள்ளை நல்லாயிட்டான்னு மானியத்த நிறுத்திருவாவ.”

“உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” என்றாள் என் மனைவி செல்வி. நான் அன்றைக்குத் தலைவர். தலைவர் காதில் விழுமா?

அதிகாரி உட்கார்ந்து வரிசையாகக் கேட்டார். ஆறு பேரும் அச்சுப் பிசகாமல் சொன்னார்கள். “ஒண்ணும் தெரியாது சார்.” மூன்றாவது ஆளிலேயே டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. ஆறாவது ஆள் முடித்ததும் அதிகாரி பேனாவை மூடினார்.

“டீச்சர், இத்தனை வருஷம் மானியம் வாங்கியிருக்கீங்க. ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் தெரியலைன்னு பெத்தவங்களே சொல்லுதாங்க. அப்போ இங்க என்னதான் சொல்லிக்கொடுக்கீங்க?”

ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எழுதி வைத்திருந்த நோட்டுகளை டீச்சர் எடுத்து நீட்டினார். அதிகாரி வாங்கவில்லை. “நீங்க எழுதினது இருக்கட்டும்மா.”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சார் மனசு இளகி வருது, இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று எழுந்தேன்.

“சார், எம் மகளப் பாருங்க. எதக் குடுத்தாலும் திம்பா. வேணும், வேண்டாம்கூடத் தெரியாது.” சாருக்கு வைத்த தட்டிலிருந்தே ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினேன்.

இசக்கி அதைப் பார்த்தாள். இடது கையைப் பைய தூக்கி, புறங்கையால் என் கையைத் தள்ளினாள்.

தற்செயல் என்று மறுபடி நீட்டினேன். இந்தத் தடவை பலமாகத் தள்ளினாள். பிஸ்கட் பறந்து போய் அதிகாரியின் டீயில் விழுந்தது. நான் விடவில்லை. மிக்சர். அதையும் தள்ளினாள். அவள் கண் தட்டில் இருந்த வாழைப்பழத்தில் நின்றது. டீச்சர் பழத்தை வலப்பக்கம் நகர்த்தினார். கண்ணும் வலப்பக்கம் போனது. உரித்துக் கொடுத்ததும் வாயைத் திறந்தாள்.

அதிகாரி டீயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்க?”

“எனக்குத்தான் தெரியாது சார்” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

“இப்படிச் சொல்லச் சொன்னது யாரு?” என்று கேட்டார். ஆறு விரலும் என் பக்கம் நீண்டன. ஏழாவதாகச் செல்வியின் விரல். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எம் பய திரும்புவான் சார், எம் மவ தம்ளரப் பிடிப்பா சார். “ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்று அவர் புதுத் தாள் எடுத்தார்.

இசக்கியின் நோட்டை டீச்சர் எனக்கும் காட்டினார். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். முதலில், கையைப் பிடித்துத் தள்ள வைத்தேன் என்று இருந்தது. பக்கம் பக்கமாக அதே வரி. ரொம்ப நாள் கழித்து, முழங்கையைத் தொட்டால் தள்ளுகிறாள். இன்னும் ரொம்ப நாள் கழித்து, தானாகத் தள்ளினாள். ஒரு தள்ளுக்கு இரண்டு வருஷம். பட்டறையில் ஒரு கம்பி மூன்று தடவை ஒட்டவில்லை என்றால் நான் தூக்கி எறிவேன்.

வீட்டில் நாங்கள் சோற்றைப் பிசைந்து வாயில் வைப்போம். வேணுமா என்று பதினொரு வருஷமாக அவளை நான் கேட்டதே இல்லை. டீச்சர்தான் கேட்டார். பதில் சொல்லவும் பழக்கினார்.

மானியம் நிற்கவில்லை. டீச்சர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த வருஷம் அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும், “அண்ணாச்சி, உங்களுக்குப் பட்டறையில வேலை இருக்கும்லா?” என்றார். போய்விட்டேன்.

இப்போது இசக்கிக்குப் பதினாறு. ஞாயிற்றுக்கிழமை நான்தான் உப்புமா கிண்டுவேன். ஒரு வாய் வாங்குவாள். இரண்டாவது வாய்க்குப் புறங்கை வரும். உப்புமா என் சட்டையில்.

செல்வி அடுப்படியில் இருந்து சிரிப்பாள். “அரசாங்கம் செலவழிச்சுப் படிக்க வச்ச பிள்ளைலா? உங்க உப்புமாவத் திங்குமா?”