தலைக்கோப்பில் ஏறிய தங்கதுரை

டக்டக்கென்று ஓடிவந்து, வரி முடியும் இடத்தில் 'டிங்' என்று ஒரு மணி. கடைசியில் 'சர்ர்' என்று தாளை உருவும் ஓசை. சின்ன வயதில் அப்பாவோடு சாதிச் சான்று வாங்கப் போனபோது தங்கதுரை கேட்ட சத்தம் அது. தாளை உருவியதும் அப்பாவின் காரியம் முடிந்தது. அடுத்த ஆளுக்கு அடுத்த வெள்ளைத் தாள். அந்தத் தட்டச்சு எந்திரத்துக்கு யார் பெயரும் ஞாபகம் இருந்ததில்லை. அந்த மறதியை ஒரு வசதி என்று அப்போது யாரும் நினைக்கவும் இல்லை.

இப்போது தங்கதுரைக்கு ஐம்பத்திரண்டு வயது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் சூளைக்காரர். ஃப்யூஸ் கட்டைகளை வேகவைத்து எடுப்பது வேலை. படிப்பு எட்டாம் வகுப்பு.

மார்ச் மாதத்தில் ஒருநாள் இருப்பிடச் சான்று கேட்டுச் சான்றிதழ் அலுவலகத்துக்குப் போனார். அவர் நேரம், அன்றுதான் அங்கே 'ஒருங்கிணைந்த ஆவண ஆக்கச் செயலி' தொடங்கி வைக்கப்பட்டது. வரிசையில் முதலில் நின்றதால் அவருக்குச் சால்வை போட்டார்கள். பெரிய அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

செயலியின் வேலை எளிது. சான்றின் வாசகம் தயாராக இருக்கும். பெயர் வரவேண்டிய இடத்தில் 'விண்ணப்பதாரர்' என்று ஒரு குறி மட்டும் இருக்கும். அந்தக் குறி யாரைச் சொல்கிறது என்பதை அந்தந்தச் சான்றுக்குள்ளே எழுதிவிட்டால், சான்று முடிந்ததும் செயலி மறந்துவிடும். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒப்பந்த ஊழியை நாஜியா அப்படித்தான் எழுதியிருந்தாள்.

கண்காணிப்பாளர் கொளஞ்சிநாதனுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது.

"பெரியவரு தொடங்கி வெச்ச பேரும்மா. உள்ள எங்கியோ ஒடுங்கிக் கெடக்கறதா? மேல வையி."

"சார், மேல இருக்கிறது தலைக்கோப்பு. எல்லாச் சான்றுக்கும் பொது. எதை அடிச்சாலும் முதல்ல அதைத்தான் படிக்கும்."

"அதத்தான் நானும் சொல்றேன். முதல் பயனாளிய முதல்ல படிக்கட்டும். யாரும் மாத்தாத மாதிரி பூட்டியும் வெச்சிடு."

அவ்வண்ணமே செய்யப்பட்டது.

மறுநாள் ஆண்டாளுக்கு விதவைச் சான்று வந்தது. 'திரு. தங்கதுரை என்பார் ஆதரவற்ற விதவை எனச் சான்றளிக்கப்படுகிறது.' மங்கலம்பேட்டை சஹீரின் ஜவுளிக்கடை உரிமம் தங்கதுரைக்கு வந்தது. கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்த இரட்டைக் குழந்தைகள் இருவரும் தங்கதுரை ஆனார்கள். பெண் குழந்தை உட்பட.

கேட்டவர்களுக்குக் கொளஞ்சிநாதன் தெளிவாகச் சொன்னார். "சான்று வந்துதா? முத்திரை இருக்குதா? அப்புறம் என்னங்க?"

பென்சன் அலுவலகமும் அப்படியே நினைத்தது. தங்கதுரைக்குச் சான்று இருந்ததால் ஆண்டாளுக்குப் பென்சன் வந்தது. சஹீர் கடைப் பலகையையே 'தங்கதுரை டெக்ஸ்டைல்ஸ்' என்று மாற்றிவிட்டான். சந்தேகம் கிளம்பும் இடங்களுக்குத் தங்கதுரையைக் கையோடு கூட்டிப்போனார்கள். போன இடத்தில் நாற்காலி போட்டார்கள், டீ வாங்கித் தந்தார்கள். மூன்று மாதம் தங்கதுரைக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறக்கும்போது கிடைக்காத மரியாதை.

ஜூன் மாதம் அவர் மகள் பூங்கோதைக்குக் கல்லூரியில் வேதியியல் இடம் கிடைத்தது. அந்த வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதற்கென்று முதல் பட்டதாரிச் சான்று உண்டு. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் மற்ற சான்றுகளோடு தரவேண்டும். தவறினால் இடம் போய்விடும். செவ்வாய்க்கிழமை சான்று கைக்கு வந்தது.

பூங்கோதை படித்துவிட்டுத் தாளை அப்பாவிடம் நீட்டினாள்.

"வாழ்த்துகள்ப்பா. நம்ம வூட்டுல மொதப் பட்டதாரி நீங்கதானாம்."

தங்கதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்துக்கு ஓடினார்.

"பெயர்த் திருத்தத்துக்கு மனு குடுங்க" என்றார் கொளஞ்சிநாதன்.

மனுவும் அதே செயலியில்தான் அச்சாகி வந்தது: 'தங்கதுரை என்ற பெயரைத் தங்கதுரை எனத் திருத்தக் கோரி தங்கதுரை அளிக்கும் மனு.' அன்றே பரிசீலித்து, அன்றே திருத்தித் தரப்பட்டது. அலுவலக வரலாற்றில் அவ்வளவு வேகமாக எந்த மனுவும் தீர்ந்ததில்லை.

தங்கதுரை நாஜியாவின் மேசைக்கு வந்து நின்றார். "என்னாம்மா ஆச்சு இதுக்கு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"உங்க பட்டறையில நீலம் கலக்கின வாளிய கழுவாம வெள்ளைய ஊத்தினா என்னா ஆவும்?"

"எல்லாம் நீலமாப் பூடும்."

"நீங்கதான் அந்த நீலம். வாளிய கழுவ எனக்கு ஒரு வரி போதும். பூட்டு சார்கிட்ட இருக்குது."

கொளஞ்சிநாதன் மறுத்துத் தலையசைத்தார். "மறக்கடிக்கறதா? அரசாங்கம் எதையும் மறக்கக் கூடாதுங்க. தொடங்கி வெச்சவரே வந்து முடிச்சு வெக்கணும். அவரு மாற்றலாகிப் போயிட்டாரு."

புதன் போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் கொளஞ்சிநாதன் தாமே தங்கதுரைக்கு ஆள் அனுப்பினார். தமக்கென்று அவர் கேட்டிருந்த பதினைந்து நாள் விடுப்புக்கு அதே செயலியிலிருந்து ஆணை வந்திருந்தது. விடுப்பு தங்கதுரைக்கு.

"அநியாயமா இருக்குதுங்க" என்றார் கொளஞ்சிநாதன், வாழ்க்கையில் முதல்முறையாக. "நாளைக் காலையில பத்து மணிக்குப் பூட்டத் திறக்கறேன்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அலுவலக வாசலில் முந்நூறு பேர் நின்றார்கள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று தங்கதுரை நினைத்தார்.

"என்னா தங்கதுரை, எங்க வாயில மண்ணப் போடப் பாக்கறியா?" என்றாள் ஆண்டாள். "இப்பத்தான் பென்சன் வருது. திருத்தினா அது யாரு பென்சனுன்னு கேப்பான்."

"பலகைக்குப் பெயிண்டே இன்னும் காயலண்ணே" என்றான் சஹீர்.

"எம் பொண்ணு படிக்கணுமேம்மா" என்றார் தங்கதுரை.

"படிக்கட்டும், யாரு வேணாம்னா? உம் பேருலயே படிக்கட்டும். நாங்கல்லாம் பொழைக்கல?"

கூட்டத்திலிருந்து ஒருவர் கோரிக்கை மனுவை நீட்டினார். முந்நூறு கையெழுத்து, எல்லாம் தங்கதுரை. கொளஞ்சிநாதன் வாங்கிப் பார்த்தார். "விண்ணப்பதாரரே முந்நூறு தடவை வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காரு. இதுக்கு மேல நான் எப்படிங்க கைவெக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பூட்டின் சாவியை மேசைக்குள் வைத்தார். நாஜியா தயாராக அடித்து வைத்திருந்த அந்த ஒரு வரியை அழித்தாள். கூட்டம் கலையும்போது மணி நான்கு; மங்கலம்பேட்டை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

நாலரை மணிக்குத் தந்தையும் மகளும் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எழுத்தர் நீலாவதி தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்தாள். மதிப்பெண் சான்றும் மாற்றுச் சான்றும் பூங்கோதை பெயரில். இருப்பிடம், வருமானம், சாதி, முதல் பட்டதாரி நான்கும் தங்கதுரை பெயரில்.

"நாலுக்கு ரெண்டு" என்றாள் நீலாவதி. "பெரும்பான்மைப்படி இடம் இவருக்குத்தாங்க வருது."

"மேடம், பரீட்சை எழுதினது நானு" என்றாள் பூங்கோதை.

"எழுதினது நீதாம்மா. இல்லன்னு சொல்லல. நேரம் ஆவுது, யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா இடம் போயிடும்."

வீட்டுக்கென்று கிடைத்த இடத்தை விட்டுவிட இருவருக்கும் மனம் வரவில்லை. பூங்கோதையே பேனா மூடியைத் திறந்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

தங்கதுரை இப்போது இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பூங்கோதை பட்டறையில் சூளைக்கு நிற்கிறாள்.