காரவள்ளியை விடப் பக்கத்துக் கொழும்பு

வளப்பூர் நாடு, கொல்லிமலை
வெகுதானிய வருடம், புரட்டாசி

பத்திரிகை ஆசிரியர் அய்யா அவர்களுக்கு, பாப்பாத்தி கும்பிட்டு எழுதிக்கொண்டது. நீங்களும் அச்சுக் கோக்கிற பிள்ளைகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: மகள் பாவாயி, மருமகன் அண்ணாமலை, கொழுந்தனார் ராசப்பன், பூசாரி சென்றாயன், நான், பாயில் படுத்துக் கிடந்த எங்கள் வீட்டுக்காரர். இல்லாதவன் ஒருத்தன்தான், கொழும்பில் துரைக்குக் கார் ஓட்டுகிற என் மகன் சின்னக்கண்ணு.

குற்றம் உங்களிடம் ஆரம்பிக்கிறது. சந்தையில் வெல்லம் சுற்றிக் கொடுத்த உங்கள் தாளில், கொழும்பில் ஆகாயக் கப்பல் ஏறினால் திருச்சிக்கு ரெண்டு மணி நேரம் என்று போட்டிருந்தீர்கள். எங்கள் மலையில் தூரத்தை மைலில் சொல்கிற வழக்கமில்லை, எத்தனை நேர நடை என்றுதான் சொல்வோம். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி ஏறினால் பொழுது சாய்ந்துவிடும், அப்படியானால் கொழும்பு காரவள்ளியை விடப் பக்கம் என்று சென்றாயன் தீர்ப்புச் சொன்னார், எல்லாரும் தலையாட்டினோம். வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியதும் அண்ணாமலை மலையிறங்கிச் சின்னக்கண்ணுவுக்குத் தந்தி கொடுத்துவிட்டு மறுநாள் திரும்பினான். அதிலிருந்து எல்லாரும் வானத்தையே பார்த்தோம். ஒரு பருந்துக்குப் பாவாயி ஆரத்தி கரைத்துவிட்டாள். கப்பல் இறங்கச் சமதளம் வேண்டுமே என்று ராசப்பனின் சாமைக் காட்டை அறுக்கப் போனால், அவர் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க அண்ணி, இன்னும் பால் புடிக்காத கதிருங்க. உங்க பையன் மரவள்ளிக் காட்டுல எறங்கட்டுமே."

உள்ளே வீட்டுக்காரர், "சத்தம் கேக்குதா?" என்றார்.

"கேக்குதுங்க, அரியூர்ப் பக்கம் வந்துருச்சு" என்றேன். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். திருப்பினது திருப்பினதுதான்.

மறுநாளும் காத்திருந்தோம். ரெண்டு மணி தூரத்திலிருந்தும் வராதவனுக்கு மனசில்லை என்று சொல்லி, குழியில் மகன் போடவேண்டிய முதல் மண்ணை ராசப்பனே போட்டார். அதற்கு அடுத்த நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னக்கண்ணு மலையேறி வந்தான். ஆகாயத்தில் ரெண்டு மணி நேரம்தானாம். அப்புறம் ரயில், பஸ், மாட்டுவண்டி, நடை. அதையெல்லாம் யார் அய்யா அச்சடிப்பது? ஈரம் காயாத மண்ணில் கையை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தான். சோற்றுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

ராசப்பன் வீட்டில் இனி நெருப்புக்கூட வாங்கமாட்டோம் என்று உங்கள் தாளில் போடவும். உங்கள் பிள்ளைகள் நீங்கள் கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலேயே நூறு வருசம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாப்பாத்தி

பின்குறிப்பு: மேலே எழுதினதை அடித்துவிடவும். ராசப்பன் மேலும் உங்கள் மேலும் எனக்குக் கோபமில்லை. பையனுக்குச் சொல்லியனுப்பலாமா என்று, நோவு கண்ட ஆடி மாதமே கேட்டேன். "ரெண்டு மணி தூரத்துல இருக்கிறவன் பொழப்ப எதுக்குடி இப்பவே கெடுக்கோணும்? முடியாமப் போறப்பக் கூப்புட்டா, கஞ்சி ஆறுறதுக்குள்ள வந்துருவான்" என்று ஒரு மனுசன் சிரித்தார். கட்டின நாளாய் நான் வாயால் சொல்லாத பேர். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். இனிக் குறைய என்ன இருக்கிறது? நான் மன்னிக்கவே மாட்டாத ஆள் அவர்தான். அர்த்தனாரி.