வில்யா கேட்ட பாவாடைத் துணி

குவோபியோ,
பிப்ரவரி 29

அன்புள்ள கெர்ட்டு அக்காவுக்கு,

தம்பி வெய்க்கோ வணக்கத்துடன் எழுதுவது. நானும் மகன் ஓட்சோவும் சுகம். ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது. உன் முழங்கால் வலி தேவலையா? முதல் காரியம், ஓட்சோவின் நிச்சயதார்த்த மோதிரத்துக்காகப் போன கடிதத்தில் உன்னிடம் பணம் கேட்டிருந்தேனே, அதை அனுப்பாதே. இனி வேண்டியதில்லை. அப்பாடா!

தப்பெல்லாம் என்னுடையதுதான். "மூணு மாசச் சம்பளத்துல வைர மோதிரம் போட்டாத்தான்டா பொண்ணு வீட்ல மதிப்பாங்க" என்று எங்கேயோ படித்ததை அவனிடம் அளந்துவிட்டேன். சைக்கிள் கடையில் வேலை பார்க்கிற பிள்ளை, அதை நம்பிப் படகை விற்றான், மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சி குடித்தான், காதலி வில்யாவை ஓட்டலுக்குக் கூட்டிப்போகாமல் பிளாஸ்க் காபியோடு ஏரிப் பனிமேல் நடக்கவைத்தான். இவனுக்கு ஆசை விட்டுப்போயிற்று என்றே அவள் நினைத்துவிட்டாள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை பெண்களே ஆண்களிடம் கல்யாணம் கேட்கிற நாள் இன்றுதானே, காலையில் எங்கள் சமையலறைக்கே வந்து, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று நேராகக் கேட்டாள். காசு சேரவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு இந்த மடையன், "மே மாசம் வரைக்கும் பொறுத்துக்கோயேன்" என்றான்.

"அப்போ மாட்டேன்னு அர்த்தம். மாட்டேன்னு சொன்னவன் பாவாடைத் துணி வாங்கிக் குடுக்கணும், அதான் வழக்கம். மாமா, வண்டிய எடுங்க!"

இருவரையும் ஏற்றிக்கொண்டு துணிக்கடைக்கு ஓட்டினேன். கடைக்காரி ஹெல்வி துணியை விரித்துக் கத்திரியை எடுத்ததும் பிள்ளை உடைந்து அழுதுவிட்டான். "வெட்டாதீங்க! மாட்டேன்னு சொல்லல. வைர மோதிரத்துக்குக் காசு பத்தல!"

"லூசு! எங்கம்மா போட்டிருக்கிறதே வெறும் தங்க மோதிரம், ஒரு கல்லு கிடையாது. வைரம் வேணும்னு உங்கிட்ட யார் சொன்னா?" என்றாள் வில்யா.

நான் பொத்தான் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆளுக்கொரு சாதா மோதிரம், அவ்வளவுதான் செலவு. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது, அக்கா.

அத்தானுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் தம்பி,
வெய்க்கோ

பி.கு.: பணத்தை அனுப்பிவிடு. மேலே எழுத வெட்கப்பட்டதை இங்கே சொல்கிறேன். ஓட்சோவும் வில்யாவும் வண்டியில் ஏறியதும் ஹெல்வி என்னை நிறுத்தி, "உங்க வீட்டம்மா தவறி எட்டு வருஷமாச்சு, வெய்க்கோ. போன தடவையே கேட்டிருக்கணும், தைரியம் வரல. என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றாள். பதறிப்போய், "யோசிச்சுச் சொல்றேனே" என்றேன். அவள் அதே கத்திரியை எடுத்து, "எந்த நிறத்துல வெட்டட்டும்?" என்றாள்.

"வெட்டாதே" என்று சொல்லிவிட்டேன். சாதா மோதிரம்தான், ஆனால் இப்போது நான்கு வேண்டும்.