பிள்ளையாருக்குக் கொடுத்த நம்பர்

செங் ஊரில் இருக்கும் மச்சான் கலியாணசுந்தரம் அவர்களுக்கு, காஜா பேராங்கிலிருந்து உங்கள் தங்கை சாரதாம்பாளின் வீட்டுக்காரன் தம்பிராஜா கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் சாரதாவும் கல்யாணப் பெண் ஜெயாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் வீட்டு அக்காவும் அப்படியே இருக்க வேண்டும்.

மோட்டாரில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்து சேருகிற இடத்துக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடுகிறானே என்று நினைக்காதீர்கள். நேற்று வந்தேன். உங்கள் செருப்பு வாசலில் இருந்தது, நீங்கள் உள்ளே இருமுவதும் கேட்டது. அக்கா ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, "அவரு வீட்ல இல்லீங்க" என்று சொல்லிவிட்டுச் சாத்திவிட்டார். நான் ஆடிப்போய்விட்டேன். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண்ணை எப்படி மணவறைக்குக் கூட்டிப் போவது? நீங்கள் வர மாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து சாரதா சமைக்கிறாள், பேசுவதில்லை. "மாமா வரலன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்ப்பா"ன்னு ஜெயா பட்டுப்புடவையைப் பிரிக்காமலே வைத்திருக்கிறாள். எல்லாத்துக்கும் காரணம் ஒரு சிம் கார்டு. முதலிலிருந்து சொல்கிறேன். கடிதத்தை யாரும் நடுவில் அறுக்க முடியாது.

கல்யாண வேலைக்கு ஒரு ஹென்போன் வேண்டும் என்று அப்துல் கய்யூம் பாய் கடைக்குப் போனேன். ஆகஸ்டு மாசம், கடைத்தெரு முழுக்கக் கொடி. நான் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருஷத்துப் பிள்ளை, கொடியைப் பார்த்தால் எனக்கே யாரோ பிறந்தநாள் கொண்டாடுகிற மாதிரி இருக்கும், அது கிடக்கட்டும். அந்தக் கடையில் முன்னே பாயின் அப்பா குடை ரிப்பேர் பண்ணுவார், தங்கமான மனுஷன், என் குடைக்குக் கம்பி மாற்றிக் கொடுத்துவிட்டு மழை பெய்தால்தான் காசு என்றார், அந்த வருஷம் பார்த்து மழையே இல்லை, அதுவும் கிடக்கட்டும்.

"பாய், இருக்கிறதுலயே காசு கம்மியா, மூரா எதுவோ அதைக் குடுங்க. நான் அதிகமாப் பேச மாட்டேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களாண்ணே?"

"யாராச்சும் தவறிட்டா சொல்லணும், கல்யாணம்னா கூப்பிடணும். அதுக்கு மேல என்ன பேச்சு இருக்கு?"

"அப்ப இது பாருங்க, இதான் ரொம்ப மலிவு. ஆனா பேசுனாலும் பேசாட்டியும் மாசக் கடைசியில மிச்சக் காசு போயிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது மச்சான். பேசாத பேச்சுக்கும் காசாம். வாங்கின அரிசியைச் சமைக்காவிட்டால் கடைக்காரன் வீட்டுக்கு வந்து அள்ளிக்கொண்டு போவானா? வேறே காட்டுங்க பாய் என்றேன். அவர் இன்னொரு அட்டையை எடுத்தார். "இது வருஷம் பூரா உயிரோட இருக்கும். ஒரு நம்பருக்கு மட்டும் காசில்லாம சும்மாவே பேசிக்கலாம். மத்த நம்பருக்குக் கொஞ்சம் கூடத்தான். உங்களுக்கு ரொம்ப வேண்டிய ஒரு நம்பரைச் சொல்லுங்க, பதிஞ்சிடறேன்."

ஒரே ஒரு நம்பர். சாரதாவைக் கேட்டால் உங்கள் நம்பர் என்பாள். ஆனால் எனக்குப் பின்னால் யார் நிற்கிறது? போனுக்குக் காசு ஏற்ற வந்த என் அக்கா ருக்மணி.

"என்னடா யோசிக்கிற? கூடப்பொறந்தவ குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், கண்ணு தெரியலையா?"

அக்கா நம்பரைச் சொன்னால் நீங்கள் பந்தலுக்கு வர மாட்டீர்கள், உங்கள் நம்பரைச் சொன்னால் அக்கா வர மாட்டாள். முதல் மரியாதை யாருக்கு என்று சண்டை வந்தால் நாம் என்ன செய்வோம்? பரிவட்டத்தைப் பிள்ளையாருக்குக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகையே முதலில் அவருக்குத்தானே வைக்கிறோம். அதனால் நம்ம பிள்ளையார் கோவில் ஆபீஸ் நம்பரைச் சொல்லிவிட்டேன்.

பாய் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணே, அவரு எடுக்க மாட்டாரே."

"ஆபீஸ்ல நல்லையா இருக்காரு, அவரு எடுப்பாரு."

பிள்ளையார் பேரைக் கேட்டதும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தட்டோடு எப்போது வரலாம் என்று கேட்க, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு உங்களுக்குத்தான் முதலில் போன் பண்ணினேன். எடுத்த உடனே விஷயத்துக்கு வந்தால் மரியாதையா? மழையைப் பற்றிக் கேட்டேன், உங்கள் முட்டிவலியைக் கேட்டேன், பந்தல்காரன் மாமியாருக்கு ஆப்பரேஷன் ஆன கதையைச் சொன்னேன். அப்படியே பக்கத்து வீட்டு சேதுராமன் விஷயம் வந்தது. அதாவது திருவிழாச் சாப்பாட்டு வரிசையில் நடுவில் புகுந்தாரே, நீங்கள் கையைப் பிடித்து வெளியே நிறுத்தினீர்களே, அவர்தான். அவர் என்னிடம், 'அந்த செங்காரன் எல்லாம் ஒரு மனுஷனா, அவனை எதுக்கு முன்னால உக்கார வைக்கிற?' என்று கேட்டார். அதை உங்களுக்குச் சொன்னேன். அந்த இடத்தில் போன் செத்துப்போனது. காசு தீர்ந்துவிட்டதாம். ஒரு சத்தம் இல்லை, சாடை இல்லை. உயிர் போகிறவன்கூட ஒரு வாய் தண்ணி கேட்பான். அது சேதுராமன் பேச்சு மச்சான். உங்கள் காதில் விழுந்தது என் குரல். நான் அவருக்குக் கொடுத்த பதிலைக் கேட்டிருந்தால் உங்கள் நெஞ்சு குளிர்ந்திருக்கும்.

காசு ஏற்றலாம் என்று ஓடினால், வெள்ளிக்கிழமை மதியம், பாய் தொழுகைக்குப் போய்விட்டார், கடை பூட்டு. என் போனிலிருந்து பேச முடிகிற ஒரே ஆள் பிள்ளையார்தான். நல்லையாவைக் கூப்பிட்டேன். "ஐயா, எங்க மச்சானுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போன் அறுந்து போச்சு, நான் சொல்ல வந்ததுல பாதிதான் சொன்னேன், தப்பா எடுத்துக்க வேணாம், மிச்சத்தை நேர்ல வந்து சொல்றேன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினேன். நல்லையா எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும், சுண்டலையே எண்ணித்தான் கொடுப்பார், வார்த்தையைக் கேட்கவா வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து நான் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சொல்லிட்டேன்யா. 'உங்க மச்சான் சொன்னது பாதிதானாம், மிச்சத்தை நேர்ல வந்து சொல்றாராம்'னேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"கல்யாணத்துக்கு வரமாட்டாராம். நீ சும்மா பேசலாம்னு என்னை இங்க சும்மா உக்கார வைக்கல, வை போனை."

அதுக்கு மறுநாள் நான் நேரிலேயே வந்து நின்றால் உங்கள் வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்தாமல் வேறு என்ன செய்வார்? மிச்சத்தைத் திட்ட வந்திருக்கிறான் என்றுதானே நினைப்பார்? பெரிய மனசு பண்ணி மன்னித்து, ஜெயாவுக்காக மாலையோடு வந்து நிற்க வேண்டும்.

உங்களுக்கும் அக்காவுக்கும் நல்ல உடம்பையும், முட்டிக்குப் பலத்தையும், என்மேல் கொஞ்சம் இரக்கத்தையும் பிள்ளையார் தரட்டும். அவரிடம்தான் எனக்குச் சும்மாவே பேச முடிகிறது, தினமும் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பிராஜா

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தைச் சாரதா படித்தாள். "எல்லாம் இருக்கு, சேதுராமனுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு மட்டும் இல்லையே"ன்னா. யோசித்துப் பார்த்தேன், எனக்கே பகீர் என்றது. நான் ஒண்ணும் சொல்லலை மச்சான். அவரு கேட்டாரு, அதுக்குள்ள அவரு வீட்ல கூப்பிட்டாங்க, போயிட்டாரு. உங்ககிட்ட போன்ல பேசும்போதுதான் நல்ல பதிலா ஒண்ணு யோசிச்சிக்கிட்டே வந்தேன், அதுக்குள்ள காசு தீர்ந்துபோச்சு. அதனால் நெஞ்சு குளிரும் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். சேதுராமன் கல்யாணத்துக்கு வருகிறார், முன்வரிசைதான் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொண்டு வாருங்கள். பந்தலில் எல்லார் முன்னாலும் அப்படியே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுருக்கமாக இருந்தால் நல்லது.