கோட்டுக்கு மேலே முள்

ஆதம்லெவ்வை றியாத்திலிருந்து ஏசி கொண்டு வந்தது பெரிய காரியமில்லை. அதைத் தன் கையாலேயே பூட்டுவேன் என்று சபதம் போட்டதுதான் வினை. போடாமல் என்ன செய்வார்? கலியாணம் பேசும்போது, "மாப்பிள சவூதியில ஏசி மெக்கானிக்" என்றுதான் சாய்ந்தமருது முழுக்கக் கதை. மனிதர் ஏசிக் கொம்பனியில் வேலை செய்தது மெய்தான். மெக்கானிக்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றினார், அவ்வளவுதான்.

வீடோ மனைவி நதீராவின் சீதன வீடு. சுவரில் ஆணி அடிக்கவும் அவளுடைய சம்மதம் வேண்டும். செப்புக் குழாய்க்கு ஓட்டை போட்ட அன்றே அவள் முகம் மாறிவிட்டது. இப்போது குழாயைப் பூட்டி, இரவல் சிலிண்டரால் நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜையும் மாட்டியாகிவிட்டது.

"கேஸ் கசிஞ்சா?"

"கசியாது புள்ள. அதப் பாக்கத்தானே நைட்ரஜன் ஏத்தியிரிக்கன். கேஜில முள்ளு இறங்கினா கசிவு. நிண்டா கசிவில்ல."

"எங்கால கசியிதெண்டு எப்பிடித் தெரியும்?"

"மூட்டில சவுக்கார நுர வைக்கணும். குமிழ் வந்தா அதான் இடம்."

"அப்ப வைங்களன்."

"அதெல்லாம் கையில நம்பிக்க இல்லாதவனுக்கு!"

தவளை தன் வாயால்தான் கெடும். நதீரா உள்ளே போய் நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸ் எடுத்து வந்தாள். கேஜ் கண்ணாடியில் முள்ளுக்கு நேரே சிவப்பாக ஒரு கோடு இழுத்தாள்.

"ஜும்ஆ முடிஞ்சி வாங்க, பாப்பம். முள்ளு இறங்கியிருந்தா கல்முனையிலயிருந்து மெய்யான மெக்கானிக்கக் கூப்பிடுவன். வாப்பாக்கும் செல்லுவன்."

அந்த 'மெய்யான' என்ற ஒரு சொல்லே ஆதம்லெவ்வைக்குப் போதும். மாமனார் காதுக்குப் போனால் ஊரே சிரிக்கும்.

குளித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். முள் கோட்டுக்குக் கீழே! நதீரா குசினியில் இருந்தாள். சட்டென்று சிலிண்டரைத் திறந்து, முள்ளைக் கோட்டுக்கு மேலேயே ஏற்றிவிட்டார். கசிகிற கசிவுக்கு, தொழுகை முடிந்து வரும்போது சரியாகக் கோட்டுக்கு வந்து நிற்கும். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, மழையில் குடையைப் பிடித்தபடி பள்ளிக்குப் போனார். குத்பாப் பிரசங்கத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்தால், நதீரா கேஜுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சவுக்கார நுரைக் கோப்பையும் அவருடைய ஸ்பேனரும்.

"நீங்க போனதும் நுர வச்சிப் பாத்தன். மேல் மூட்டில குமிழ் வந்திச்சி. இறுக்கிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்! நான் அப்பவே…"

"இரிங்க. முள்ளு கோட்டுக்கு மேல நிக்கிது. இறங்கினா கசிவு, நிண்டா கசிவில்ல. ஏறினா என்னங்க?"

"அது… வெயிலுக்குக் கேஸ் சூடாகி…"

வெளியே மாரி மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஆதம்லெவ்வை குடையை மடக்கினார்.

"வாப்பாக்குச் செல்லிராத புள்ள."

"செல்லமாட்டன். கலியாணம் முடிச்ச மறுநாள் நீங்க ஊத்தித் தந்த தேத்தண்ணியிலயே எனக்கு எல்லாம் விளங்கிட்டு. மெக்கானிக்குக்கு அந்தக் கைப்பக்குவம் வராது. போங்க, ஒண்டு ஊத்திட்டு வாங்க, சீனி குறைய."