ஒருத்தர்கூட விட்டுப் போகவில்லை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

சலவைக் கடையிலிருந்து உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அப்படியே என்று எழுத ஆரம்பித்து, பொய் போதும் என்று அடித்துவிட்டேன். அடித்தது தெரிந்தால் மன்னிக்கவும். நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அது நியாயம்தான். ஆனால் உங்கள் தங்கை பெட்டியோடு வந்து இறங்கியபோது என்ன சொன்னாள், எதைச் சொல்லாமல் விட்டாள் என்று எனக்குத் தெரியாததால், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் கறை எடுக்கிற வீடியோக்களை நீங்கள் ஆரம்பத்திலிருந்து பார்த்தவர். பார்த்ததே நீங்கள், எங்கள் மகள், எதிர்க்கடை செருப்புத் தைப்பவர் என்று ஒரு கைவிரலுக்குள் அடங்கும். வாரம் ஒரு துணி. தொட்டியருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டு, அந்தப் பக்கம் பதில் வருகிற மாதிரி கொஞ்சம் காத்திருந்து, பிறகுதான் துணியை எடுப்பாள். "இவரு பேனாவ மூடாம பாக்கெட்ல போடுறவரு, ஆனா பட்டன் ஒண்ணுகூடத் தளரல பாருங்க, வீட்ல யாரோ பாத்துக்கிறாங்க" என்று சட்டைக்காரரின் ஜாதகத்தையே சொல்லி முடித்துத்தான் மையில் கை வைப்பாள். கீழே யார் எது எழுதினாலும் அத்தனைக்கும் பதில் எழுதுவாள். அப்படியே விட்டிருக்கலாம்.

மகள் விடுமுறைக்கு வந்தவள், "அப்பா, இதுக்குள்ள எல்லாக் கணக்கும் இருக்கு" என்று போனில் ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். எந்த ஊரில் எத்தனை பேர் பார்க்கிறார்கள், எந்த நொடியில் விட்டுப் போகிறார்கள் என்று ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்த நாளிலிருந்து நான் நானாக இல்லை மச்சான். கடையில் துணி வாங்க வந்தவர் எதிரே நின்றுகொண்டிருப்பார், நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "நல்லா இருக்கீங்களா" என்ற இடத்திலேயே பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். அதை வெட்டச் சொன்னேன். "வந்தவங்கள நல்லா இருக்கீங்களான்னு கேக்காம, எடுத்ததும் அழுக்கையாங்க காட்டுவாங்க?" என்றாள். எடுத்ததும் அழுக்கைத்தான் காட்ட வேண்டும், முதல் நொடியிலேயே கறை தெரிய வேண்டும் என்று சட்டம் போட்டேன். சட்டைக்காரரின் ஜாதகத்தையும் வெட்டினேன். சாயங்காலம் போட்டால் கூட்டம் வருகிறது என்று கணக்கு சொல்லவே, வீட்டுச் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றினேன். கூட்டம் வந்ததா என்றால், வந்தது. அதுதான் வினை.

ஒருநாள் ஒரு தலையணை உறை மேல் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டேன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் தங்கை என்னைத் திட்டினாள். எப்படித் திட்டுவாள் என்று உங்களுக்குத் தெரியும், சின்ன வயதில் நீங்களும் வாங்கியவர்தானே. மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் கோடு கிடுகிடுவென்று மேலே ஏறி நிற்கிறது. போனவர்கள்கூடத் திரும்பி வந்து மறுபடி கேட்டிருக்கிறார்கள். ஊர் உலகம் எதற்காக வருகிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. அடுத்த வாரம் காபியைத் தட்டிவிட்டேன். அதற்கடுத்த வாரம் பூட்ஸ் பாலிஷ். பிறகு மை, தக்காளி, கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட். எல்லாம் தெரியாமல் நடந்த மாதிரி. அவளும் ஒவ்வொரு தடவையும் என்னை வெளுத்து, அப்புறம் துணியை வெளுத்தாள்.

போகப் போகத் திட்டு குறைந்துவிட்டது. நான் அதைக் கணக்கில்தான் பார்த்தேன், அவள் முகத்தில் பார்க்கவில்லை. ஒருநாள் கடையைச் சாத்தும்போது, "ஏங்க, உங்களுக்குக் கை நடுங்குதா? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான், "லேசா" என்றேன்.

என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்து, "கை கல்லு மாதிரி நிக்குதுங்களே, எதுக்கு வந்தீங்க?" என்றார். உங்கள் தங்கை வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நிம்மதியில் அழுதாள் மச்சான். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அந்த நேரத்திலும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு காபிக் கறை ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. கோடு படுத்துவிட்டது. விலை உயர்ந்த துணியில் கறை பட்டால்தான் பதறிப்போய்ப் பார்க்கிறார்கள் என்று கணக்கு காட்டியது. அலமாரியைத் திறந்தேன். நீங்கள் முதல் வேலையில் சேர்ந்ததும் அவளுக்கு அனுப்பினீர்களே, அந்தச் சாம்பல் நிறச் சால்வை. அவள் அதைப் போர்த்துவதே இல்லை. எப்போதாவது வெயிலில் காட்டி, மடித்து வைப்பாள். வீடியோவை ஓடவிட்டு, அதன்மேல் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றினேன். இதை எழுதும்போது என் கை உண்மையாகவே நடுங்குகிறது.

அவள் வந்து பார்த்தாள். திட்டவில்லை. மாவைத் தூவினாள், சோப்பைக் குழைத்தாள், வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். போகவில்லை. கடைசியில் சால்வையைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, "கையக் காட்டுங்க" என்று என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேற டாக்டரப் பாக்கலாங்க" என்றாள்.

அந்த வீடியோவையும் போட்டேன். சாயங்காலம் அவள் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கோடு உச்சியிலேயே, இறங்காமல் வளையாமல் நேராகப் போயிருந்தது. "இங்க பாரு, ஒருத்தர்கூட விட்டுப் போகல" என்று சந்தோஷமாகக் காட்டினேன். அவளோ தன் போனில், வீடியோவுக்குக் கீழே ஜனங்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: "ஆரம்பத்துல பாருங்கம்மா. ஐயா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டே ஊத்துறாரு."

முதல் நொடியிலேயே கறை தெரிய வேண்டும் என்ற என் சட்டப்படி, எண்ணெய் விழுகிற இடத்திலிருந்தே வெட்டியிருந்தேன். அதில் நானும் இருப்பதைக் கவனிக்கவில்லை. கறையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னிக்கு அந்தப் படியில நின்னீங்களே, அப்பவும் இப்படித்தானா?" நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். எடுத்து வைத்த சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, பெட்டியை எடுத்தாள்.

மகளிடம் போனில் சொன்னேன். "அந்தக் கோடு எப்ப போறாங்கன்னுதான்ப்பா சொல்லும், ஏன் போறாங்கன்னு சொல்லாது" என்றாள். அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "இது கூடவா சொல்லணும்?" என்றாள்.

கணக்குப் பார்க்கிற அந்தச் சாமானைப் போனிலிருந்தே எடுத்துவிட்டேன். இனி அதன் பக்கம் திரும்பமாட்டேன், இது சத்தியம். கடையில் துணி குவிந்து கிடக்கிறது. மைக்கறைத் துணியையும் எண்ணெய்க்கறைத் துணியையும் வாங்கி வைத்துக்கொண்டு, கறை எடுக்கிற ஆள் ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் அங்கே சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல், ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய மனது பண்ணி, அவளை ஆறுதல்படுத்தி அனுப்பி வையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாத் துணியும் வெள்ளையாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத உங்கள் மச்சான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது செருப்புத் தைப்பவர் ஓடிவந்து, "வீட்டம்மா புதுசா போட்டிருக்காங்களே, பாக்கலையா?" என்று தன் போனைக் காட்டினார். உங்கள் வீட்டுக் கொல்லை, உங்கள் வாளி, உங்கள் பனியன். நன்றாகச் சாப்பிட்ட முகம். எல்லாரையும் நல்லா இருக்கீங்களா என்று நிதானமாக விசாரிக்கிறாள். பனியனை வைத்து உங்கள் ஜாதகத்தையே சொல்லிவிட்டாள், ஊர் சிரிக்கிறது. வீடியோ எடுப்பது நீங்கள்தான் போலிருக்கிறது, ஓரத்தில் உங்கள் விரல் தெரிகிறது, சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். சத்தியத்தை மீறி அந்தச் சாமானை மறுபடி போனில் ஏற்றிப் பார்த்தேன். அவள் பக்கத்தின் கணக்கு எனக்குத் திறக்கவில்லை. ஆகவே வெளியாள் மாதிரி, பெயர் போடாமல், "சால்வையில் பட்ட எண்ணெய்க் கறை எத்தனை நாளில் போகும் அம்மா?" என்று கீழே எழுதினேன். உடனே பதில் வந்துவிட்டது: "அது கொட்டினவங்களப் பொறுத்ததுங்க." அந்த 'ங்க'வை வெளியாளுக்கும் போடுவாள், எனக்கும் போடுவாள். யாருக்குப் போட்டாள் என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, காலை முதல் பஸ்சில் நானே கொண்டுவருகிறேன். கதவை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம் மச்சான், அவள் திறக்கட்டும்.