மறுக்கா டாக்டர்

தன்னோடு தானே சண்டை போட்டுத் தானே தோற்கிற ஒரே டாக்டர், எனக்குத் தெரிந்து, கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ஸ்கேன் சென்டரில்தான் இருக்கிறார். மார்பகப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, புற்று உண்டா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பது என் தலைவிதி. எதற்கும் "மறுக்கா பாக்கோணும்", அதாவது இன்னொரு தரம் பார்க்க வேண்டும், என்பார்; ஊரே அவரை மறுக்கா டாக்டர் ஆக்கிவிட்டது.

சந்தையில் தக்காளி தரம் பிரிக்கும் அக்காவையும் விடமாட்டார். ஒரு கூடையைக் காட்டுவார்.

"ஏனுங்க, இது என்ன தரமுங்க?"

"ரெண்டாந்தரமுங்க."

ஒரு டீ குடித்துவிட்டு அதே கூடையைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த அக்காவிடமே போய்க் கேட்பார்.

"மொதல் தரமுங்க!"

"அப்பறம் ஏனுங்க முன்னால ரெண்டுன்னீங்க?"

அந்த அக்கா கூடையைக் கவிழ்த்து அவர் தலையில் மாட்டாமல் விட்டதே பெரிய விஷயம்.

அதே குசும்பைத் தன்னிடமும் காட்டுவார். மாதம் ஒருமுறை, பழைய படங்கள் சிலவற்றில் பெயரின் மேல் காகிதம் ஒட்டி மறைத்து, புதுப் படங்களுக்குள் நான் கலந்து வைக்க வேண்டும். எது எதென்று தெரியாமல் பார்த்துச் சொல்வார். பிறகு பழைய ரிப்போர்ட்டை எடுப்போம். இரண்டும் ஒத்துப்போனால் டீக்கடையில் எனக்குப் பழம்பொரி. மாறிப்போனால் போச்சு!

"எந்த மடையன் இதை எழுதுனது?"

"நீங்கதானுங்க சார்."

"அவனைக் கூப்புடு!"

ஒரு மாதம் விளையாட்டாக என் படத்தையே உள்ளே சொருகினேன். நாலு வாரம் முன்பு "ஒண்ணுமில்ல அம்முணி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அவரே சொன்ன படம். இப்போது வெகுநேரம் பார்த்தார்.

"இந்தம்மாளுக்கு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கோணும். ஆருது?"

ஒட்டியதைக் கிழித்தேன். என் பெயர். அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை.

எனக்கோ ஆத்திரம். "இப்ப எந்த டாக்டரை நான் நம்பறதுங்க? போன மாசத்து உங்களையா, இன்னைக்கு உங்களையா?"

"ரெண்டு பேரையும் நம்பாதே. பொள்ளாச்சில என்னையக் கண்டாலே ஆகாத டாக்டரம்மா ஒருத்தரு இருக்காங்க. அவுங்க பாக்கட்டும். நான் என்ன சொன்னேன்னு மூச்சு விடாதே."

பஸ்ஸில் அவரும் கூடவே வந்தார். அந்தம்மாவும் ஊசி என்றார். சதை எடுத்துப் பார்த்ததில் புற்று இருந்தது, கடுகளவு. சீக்கிரம் பிடிபட்டதால் சின்ன ஆபரேஷன், கொஞ்ச நாள் கரண்ட் வைத்தியம் என்கிற கதிர்வீச்சு, தப்பித்தேன்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினால், அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் என் முதல் ரிப்போர்ட். 'ஒன்றுமில்லை' என்பதைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

"இதைத் தூக்கிப் போடுங்க சார். நாந்தான் நல்லா இருக்கறனே."

"நீ நல்லா இருக்கறே அம்முணி. இதை எழுதுனவன் மேலதான் எனக்கு ஒரு கண்ணு இருக்கோணும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த மனுஷன் நூறு வயசு இருக்கட்டும்.